கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு வாக்கெடுப்பு

மார்ச் 3

அக்கறை குறைந்துவரும் அக்காவுக்கு,

அடி வாங்கத் தயாராக இருக்கும் தம்பி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். போனில் நீ வெறும் 'ம்' கொட்டுகிறாய் என்று அம்மா புலம்புகிறாள். அதனால்தான் மின்னஞ்சல். இதற்கும் 'ம்' என்று பதில் போட்டால் உனக்கே அசிங்கம்.

உங்கள் மென்பொருள் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். எழுத்துப்பிழை திருத்தும் பிரிவுக்குத் தலைவனும் தொண்டனும் நானே. மின்னஞ்சலிலேயே எல்லோரும் பேசிக்கொள்ளும் நம் பழைய மடல்குழுவை இந்த மாதத்தோடு மூடப்போகிறார்கள். இனி எங்கே கூடிப் பேசுவது என்று ஞாயிறன்று வாக்கெடுப்பு. நீ அந்த அரட்டைச் செயலிக்குக் கொடி பிடிக்கிறாய். பளபளவென்றுதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நாம் செய்வது, திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்குப் படித்துச் சொல்லும் மென்பொருள். நேற்று துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, அதையே ஓடவிட்டு, உன் செயலிக்குள் நுழைந்தேன். அது படித்துச் சொன்னது இவ்வளவுதான்: "பொத்தான். பொத்தான். பொத்தான்." எது எதற்கென்று தெரியவில்லை. ஏதோ ஒன்றை அழுத்தி, குழுவிலிருந்தே வெளியேறிவிட்டேன்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் அண்ணன் என்ன செய்வார்? நம் மென்பொருளில் அதிகக் குறை கண்டுபிடித்துச் சொன்னவரே பார்வையில்லாத அவர்தானே?

இப்படிக்கு,
கண்ணிருந்தும் முட்டிக்கொண்ட தம்பி

மார்ச் 5

வாலுப் பையனுக்கு,

எனக்கு மட்டும் எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். நீயோ அந்தப் 'பொத்தான்' ஒலிப்பதிவை, 'நம் குழுவின் புதிய கீதம், எழுந்து நிற்கவும்' என்று தலைப்பிட்டு மடல்குழு முழுக்க அனுப்பியிருக்கிறாய். எல்லோரும் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டு, செயலியில் நமக்கான இடத்தைத் தயார் செய்தவள் நான். நீ வேறொன்றைச் சொல்லுமுன் நானே சொல்கிறேன்: வாக்கெடுப்பில் செயலிக்குப் போட்டியாக நிற்கும் அந்தத் திறந்த இணைய மன்றத்தையும் பார்த்தேன். மூஞ்சியே நன்றாக இல்லை.

சுருதி அண்ணனுக்கு நான் போன் செய்கிறேன். அவர் சொல்வதை நானே செயலியில் எழுதிவிடுகிறேன். முடிந்தது பிரச்சினை.

ஞாயிறு வரை எனக்கு எழுதாதே.

அக்கா

மார்ச் 6

எழுதாதே என்றாய், தட்டச்சு செய்கிறேன்.

கீதம் என்று கிண்டலடித்தது தப்பு. மன்னித்துவிடு. ஒலிப்பதிவு தப்பில்லை.

சுருதி அண்ணனுக்குப் போன் போட்டு உன் ஏற்பாட்டைச் சொன்னேன். "எனக்காக யாரும் பேச வேணாம் தம்பி. பிடிக்கலன்னா நானே திட்டணும். முடியாதுன்னா நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை அக்கா. சாதாரணமாகச் சொன்னார்.

திறந்த மன்றத்துக்குள்ளும் கண்ணைக் கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தலைப்பையும் அழகாகப் படித்தது. உறுப்பினராகாமலே யாரும் படிக்கலாம். போன வருடம் கேட்ட கேள்வியைத் தேடினால் பதிலோடு கிடைக்கும். நீ ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். மூஞ்சி சுமார்தான். எனக்கும் அப்படித்தான், என்னை வீட்டைவிட்டுத் துரத்தினாயா?

ஓட்டுப் போடும்முன் நீயும் ஒருதரம் கண்ணைக் கட்டிப்பார். துவைத்த துண்டாக எடு.

தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாதது கோபத்தால் அல்ல, வெட்கத்தால்.

ஞாயிறு காலை கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னால் ஓட்டே போட முடியவில்லை. வாக்கெடுப்பை அந்தச் செயலிக்குள்தான் வைத்திருந்தேன். சுருதி அண்ணனுக்கு ஓட்டே இல்லாத வாக்கெடுப்பு! என் கையாலேயே செய்திருக்கிறேன்.

அதை ரத்து செய்து, மடல்குழுவிலேயே மறுபடி வைத்தேன். எல்லோரும் கண்ணைக் கட்டி இரண்டையும் முயன்றுவிட்டு ஓட்டுப் போட வேண்டும் என்று நிபந்தனை. சிலர் முனகினார்கள், ஆனால் செய்தார்கள். மன்றம்தான் ஜெயித்தது. சுருதி அண்ணனும் ஓட்டுப் போட்டார்.

நேற்று திறந்தோம். முதல் பதிவு அவருடையது. வாழ்த்து, வணக்கம் எதுவும் இல்லை. நம் மென்பொருளில் நான் வெளியிட்ட புதிய பதிப்பு, படிக்கும்போது வாக்கியங்களின் கடைசிச் சொல்லை விழுங்குகிறதாம், வெளுத்து வாங்கியிருக்கிறார். படித்ததும் சுர்ரென்று ஏறியது. சோதித்துப் பார்த்தேன், விழுங்கத்தான் செய்கிறது.

பதில் எழுதலாமென்று போனால், அதற்குள் கீழே நாலு பேர் அவரோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அதில் இருவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவரும் விடாமல் ஒவ்வொருவருக்கும் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என் முறை இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அக்கா