மில்லு ஓடியது, சூளை நிற்கவில்லை

என் அன்பு ஜமீலாக்கா,

உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். போன புதன்கிழமை உன் பீங்கான் தொழிற்சாலையில் களிமண் அரைக்கும் பெரிய மில்லை மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். சூளை ஒருதடவைகூட நிற்கவில்லை.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு நீ விருத்தாசலத்தில் மின்பொறியாளர் ஆனாய். நான் சென்னையில் ரிலே செய்யும் சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதப் போனேன். கோளாறு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிற காவல் கருவிதான் ரிலே. உன் தொழிற்சாலைக்கு நாங்கள் கொடுத்த ரிலேயோ மில்லு கிளம்பும்போதே கோளாறு என்று நினைத்து, சூளைக்கும் சேர்த்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மின்சூளை பாதியில் ஆறிப்போகும். உள்ளே வெந்துகொண்டிருந்த கோப்பைகள் விரிசல் விடும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நீ. மோட்டார் கிளம்பும்போது மின்னோட்ட அலை நடுக்கோட்டை விட்டு ஒருபக்கமாக எழும்பி, மெல்லச் சரிந்து இறங்குகிறது. ரிலே ஒரு சுற்று அலையை அளந்து அதன் பருமனையும் கோணத்தையும் கணக்கிடும்போது அந்தச் சரிவும் கலந்துவிடுகிறது. உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுகிறது. ஒரு முழுச் சுற்றின் அளவுகளைக் கூட்டினால் அலை தன்னையே அழித்துக்கொள்ளும், மிஞ்சுவது சரிவு மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். ஓர் அளவு தள்ளி மறுபடி கூட்டினால் சரிவின் வேகம் தெரிந்துவிடும். அதைக் கழித்துவிட்டு அலையைக் கணக்கிடு என்றாய்.

அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அதையே மூன்று மாதம் சொன்னேன். நான்காவது மாதம் உனக்கு மூளைக்காய்ச்சல். நான்கே நாள். நீ கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏன் கோபித்துக்கொள்ளவில்லை?

நீ போன பிறகு உன் தொழிற்சாலை மேனேஜர் என்னை வரவழைத்தார். ரிலே துண்டிக்கும் வரம்பை ஏற்றி வைத்துவிட்டுப் போங்கள், அது போதும் என்றார். அவர் பாடு அவருக்கு. நானும் கீபோர்டில் எண்ணை அடித்துவிட்டேன். நீ முன்பு போனில் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

“ஏத்தி வெச்சா மில்லு ஓடும், கலை. நெசமாவே எங்கனா ஷார்ட் ஆச்சின்னா ரிலே சும்மா பாத்துக்கினு இருக்கும். அப்ப யாரு கை கருகும், சொல்லு?”

அடித்த எண்ணை அழித்தேன். பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன்.

முதல் முயற்சி தோற்றது அக்கா. மில்லு ஓடாத நேரத்தில், சரிவே இல்லாதபோது, உன் சூத்திரம் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப் போய்த் தாறுமாறாகக் குதித்தது. உன் கணக்கே தப்போ என்று ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். கடைசியில், சரிவு மிகச் சிறிதாக இருந்தால் கழிக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் என்னுடையது.

புதன்கிழமை மில்லு கிளம்பியது. திரையில் மின்னோட்டக் கோடு கொஞ்சம் எழும்பி, வரம்புக்குக் கீழேயே நின்றது. அடுத்து சோதனைக் கருவியால் கோளாறு அளவுக்கு மின்னோட்டம் கொடுத்தோம்; பட்டென்று துண்டித்தது. சூளை பார்க்கும் அஞ்சலை அக்கா கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பொண்ணு சொன்னது சரியாத்தான் இருந்திருக்குது” என்றார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் மங்கலம்பேட்டைக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அலையும் சரிவும் அவருக்குப் புரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “எம்மொவ பேரு அதுல இருக்குதாம்மா?”

இருக்கிறது. புரோகிராமின் முதல் வரியிலேயே உன் பெயர். இதைப் பற்றி நான் எழுதுகிற கட்டுரையிலும் அதுதான் முதலில் வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. கோடையில் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்றுக்குக் கீழே தளரும்போது நாம் அளக்கிற ஒரு சுற்று முழுச் சுற்றாக இருப்பதில்லை. கூட்டினால் அலை முழுதாக அழிவதில்லை. அதற்கு ஒரு வழி மனதில் ஓடுகிறது. இந்தத் தடவை அடுத்த மாதம் என்று சொல்லமாட்டேன். நாளைக் காலையிலேயே உட்காருகிறேன், சத்தியம்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
கலைச்செல்வி