ஐந்து ஹார்ட் என்று நீ சொன்ன பிறகும்

என் மிக்கேலுக்கு,

நீ போய் நாற்பத்தொரு நாளாகிறது. துறைமுகத்தில் உன் பழைய இழுவைப் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிளப்பில் நம் மேசை சும்மா கிடக்கிறது. பதினெட்டு வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடியவன் நீ. வேறொரு முகத்தை அங்கே வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பியைக் கொடுத்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்: "அண்ணாச்சி, அந்த ஞாயித்துக்கெழம வெளாடிட்டு வந்ததுலேருந்து ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும், 'ராணிய விட்டுட்டேன்'னே சொல்லிக்கிட்டு இருந்தாவ. அப்படி என்ன பெரிய தப்புப் பண்ணிட்டாவ?"

"வெளாட்டுதானம்மா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். உன் மனைவி முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஆட்டத்தை விரித்துப் பார்த்தேன். ஸ்பேட் துருப்பு, நம் இருவரிடமும் சேர்த்து ஒன்பது. பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எடுக்கும் ஸ்லாமுக்குப் போகலாமா என்று ஏலத்தில் நான்தான் கேட்டேன். நீ ஐந்து ஹார்ட் என்றாய். நமக்குள் அதற்கு ஒரே பொருள்: முக்கியமான சீட்டு இரண்டு இருக்கிறது, துருப்பு ராணி இல்லை. என்னிடமும் ராணி இல்லை. ஒரு ஏஸும் எதிராளியிடம். பதினொரு பிடிக்கான ஐந்து ஸ்பேடோடு நின்றிருக்க வேண்டும். நான் பன்னிரண்டு பிடிக்கு ஆறு கேட்டேன்.

கருவாட்டு வியாபாரி புத்தி, மிக்கேல். கீழவைப்பார் கரையில் மீன் ஏலம் கேட்டு வளர்ந்தவன் நான். "இல்ல, கட்டாது" என்று எவன் சொன்னாலும் அது பேரத்தின் தொடக்கம் என்றுதான் என் காதில் விழும். முதல் 'இல்லை'யை நம்பியிருந்தால் எனக்குக் கடையே இருந்திருக்காது. உன் 'இல்லை'யையும் அப்படியே கேட்டுத் தொலைத்தேன். உனக்குப் பேரமே பேசத் தெரியாது என்பது எனக்கு எப்படி மறந்தது?

முதல் பிடியே அவர்களுடைய ஏஸுக்குப் போயிற்று. இனி ஒன்றையும் விட முடியாது. நான் மேசையில் விரித்திருந்த சீட்டிலிருந்து துருப்பு ராஜாவை இறக்கினாய். ராணி விழவில்லை. அடுத்து ராணி விழும் என்று உன் ஏஸைப் போட்டு அடிப்பதா, ராணி வலப்பக்கத்து எதிராளியிடம் இருக்கிறது என்று நம்பி ஜாக்கை விடுவதா? எதிராளிகளிடம் இருந்தது மொத்தம் நாலே துருப்பு. அடிப்பதில்தான் ஒரு மயிரிழை கூடுதல் வாய்ப்பு. அடித்தாய். ராணி வலப்பக்கம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது; ஒரு பிடி குறைந்து ஆட்டம் போயிற்று.

"ஏலே, கண்ண எங்கன வச்சிருந்த? ஜாக்க விட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்லா!" என்று கிளப்புக்கே கேட்கக் கத்தினேன்.

'நான்தான் ராணி இல்லன்னு சொன்னேன்லா' என்று நீ திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அன்றைக்கே செத்திருப்பேன். நீ சீட்டைச் சேர்த்துக்கொண்டே, "சரிடே, எந் தப்புதான்" என்றாய். நாலாம் நாள், அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய்.

உன் கல்லறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். கல்லிடம் சொன்ன மாதிரிதான் இருந்தது. சொன்னால் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவைக் கிளப்புக்கு அழைத்து வருவேன். நான் கத்தியதைக் கேட்ட அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, நம் இருபத்தாறு சீட்டையும் விரித்துக் காட்டி, நீ சரியாக ஆடினாய், நான்தான் கேட்கக் கூடாததைக் கேட்டேன் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னை வாசலில் ஏற்றாவிட்டாலும் சரி. உனக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் சொல்லப் போகிறேன்.

உன் பிள்ளைகளுக்குப் பெரியப்பா,
செல்லத்துரை