அனலுடையாளுக்குக் கம்பளி போர்த்திய வழக்கு

மழையும் விளைவும் மாறாது நிற்க. வெயிற்கோட்டு நாட்டை நாற்பத்திரண்டு ஆண்டுகளாக ஆள்பவளும், கோயில் முறைமைகளுக்கு இறுதித் தீர்ப்பு உரைப்பவளுமாகிய பேரரசி செங்கோல்நங்கை, கடல் கடந்து பனிமுகட்டில் குடியேறிய நம் மக்களின் அவைத்தலைவர் கொற்றங்குமரனாருக்கு விடுக்கும் ஓலை. நும் குடிகள் நலமே வாழ்க. நும் ஆடுகள் அடர்ந்த மயிர் பெறுக.

நும் ஓலை கண்டோம். வழக்கை முதலிலும் வாழ்த்தை இறுதியிலும் வைத்திருந்தீர். குளிரில் கை நடுங்கியிருக்கும் எனப் பொறுத்தோம்.

கோடையில் கொதித்து நிற்கும் அனலுடையாள் அம்மையைக் குளிர்விக்க நாம் இங்குச் செய்வது போலவே, சித்திரையிலும் பனி உருகாத அவ்வூரில் நீவிரும் நூற்றெட்டுக் குடம் நீர் சொரிந்தீர். எண்பதாம் குடத்தில் அம்மையின் திருமுகம் பனிக்கட்டிக்குள் மறைந்தது. எண்ணிக்கை முறியலாகாது என்று எஞ்சிய இருபத்தெட்டையும் சொரிந்தீர். பாடிக்கொண்டிருந்த இருவரின் பாதங்கள் தரையோடு ஒட்டின. அப்போது பூசாரி சடைச்சி கருவறைக்குள் தணல் கொணர்ந்து, அம்மையை உருக்கி மீட்டு, தன் கம்பளியைப் போர்த்தி, மிளகுக் கஞ்சி படைத்தாள். குளிர்விக்க வேண்டிய தெய்வத்தைச் சூடேற்றினாள் என்று நீவிர் அவளிடமிருந்து கோயில் திறவுகோலைப் பறித்தீர். ஊரைவிட்டு நீக்கவும் நம் ஒப்புதல் கேட்கிறீர். அப்பனியில் ஊரைவிட்டு நீங்கியவள் மூன்று நாளும் உயிர் பிழையாள் என்பதை மட்டும் எழுத மறந்தீர்.

விசாரணையில் அவள், "ஐயா, ஆத்தா பல்லு கிட்டிப்போயி நிக்கிறா, நீங்க கொடத்த எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க" என்றது அவையை இகழ்ந்த குற்றம் என்கிறீர். அதில் இகழ்ச்சியைக் காணோம். நடந்ததைப் பிழையின்றி உரைத்த சான்றையே காண்கிறோம். மேலும், அவையோர் பதினொருவரும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கு இரண்டு கம்பளி போர்த்தியே இதனை விசாரித்தீர் என நம் தூதர் உரைத்தார்.

நம் முன்னோர் நீர் சொரிந்தது, அம்மை வெந்து நின்றாள் என்பதனால். அவள் உடல் அறிந்து செய்வதே பூசை. அதனைச் சடைச்சி ஒருத்தியே செய்தாள்.

ஆகவே நாம் ஆணையிடுவது: திறவுகோலை அவைத்தலைவரே நேரில் சென்று அவள் கையில் தருக. இனி அங்கு நூற்றெட்டுச் சுள்ளி இட்டுத் தணல் வளர்க்க. ஒன்று குறையினும் பொறோம். அம்மைக்கு நீரே வேண்டும் என வாதிடும் அவையோர், அதே குளிரில், அம்மையின் கோயில் வாயிலில், முதற் குடத்தைத் தம் தலையில் சொரிந்துகொள்க. அதன்பின்னும் நாவசைந்தால் நமக்கு எழுதுக.

இரட்டைப்பனை முத்திரை பொறித்து, நம் கைப்பட எழுதி விடுத்தோம். கண்டவுடன் நிறைவேற்றுக.