இரண்டாவது வாசல்

அக்டோபர் 6, செவ்வாய்

ஊர்ப் பள்ளிக்கூடத்தை அரசிடமிருந்து வாங்கி நாமே நடத்துவதற்கு இன்று ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாம் முடிந்து கங்காரு வால் சுட்டுத் தின்னும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழில் ஒருவர் என் அம்மா லெனோரா, இன்னொருவர் என் வீட்டுக்காரர் டெஸ்மண்ட்! நம் பழங்குடி மரியாதை முறைப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஓர் அறையில் இருக்கவும் கூடாது. ஊரில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே. நானும்தான் இரண்டு தடவையும் கை தூக்கினேன்.

அக்டோபர் 8

இருவருமே விலகுகிறார்களாம். அம்மா போனால் நம் மொழியில் பாடம் எழுத ஆளில்லை. இவர் போனால் டார்வின் நகரத்துக் கல்வி அதிகாரிகளிடம் மல்லுக்கட்ட ஆளில்லை. கூட்டத்துக்குக் குறிப்பெழுதும் நான் நடுவில் முழிக்கிறேன்.

அக்டோபர் 12

அதிகாரி போன் செய்தார். இருபதாம் தேதி ஏழு பேரும் ஒரே கூட்டத்தில் கை தூக்க வேண்டுமாம். ஒருவர் குறைந்தாலும் இன்னொரு வருடம் பள்ளி அவர்கள் கையில்தான். என் மகள் நெரிடா ஜனவரியில் பள்ளிக்குப் போகிறாள், அவளுக்கு நம் மொழியில் பாடம் இருக்காது. அம்மாவிடம் போய்க் கத்தினேன் — உங்க ரெண்டு பேர் மரியாதையில என் புள்ள படிப்புதான் போவுது!

அம்மா நிதானமாகக் கேட்டாள். "மரியாதைய விட்டுட்டு அந்தப் பள்ளிக்கூடத்துல என்னத்தடி சொல்லிக்குடுக்கப் போறோம்?"

வீட்டுக்கு வந்தேன். அந்தக் கேள்வியைக் குறிப்பு நோட்டில் எழுதிவைத்தேன்.

அக்டோபர் 13

அப்படியென்றால் கூட்டத்தையே நம் முறைப்படி நடத்தினால் என்ன?

அக்டோபர் 20

அம்மா வெளி வராந்தாவில், சுவருக்கு முதுகு காட்டி. டெஸ்மண்ட் மற்றவர்களோடு உள்ளே. கதவில் நான். எல்லோரும் என்னிடம் சொல்ல, நான் அந்தப் பக்கம் சொன்னேன். யாரும் யாரையும் குறுக்கே வெட்டவில்லை. டீ கொதிப்பதற்குள் பேச்சு முடிந்தது!

இது ஒரே கூட்டம்தானா என்று அதிகாரி சந்தேகப்பட்டார். உள்ளே இருந்த எங்கள் கால்பந்துப் பயிற்சியாளர் பெர்னார்ட், "ஒரே கூட்டந்தாம்மா. வெளிய இருக்கவங்களுக்குத் தனியா ஒரு வாசல் வேணும், அவ்வளவுதான்" என்றார். அந்த அதிகாரியம்மா சிரித்துவிட்டார். உள்ளே ஆறு கை, வெளியே ஒன்று. எட்டிப் பார்த்து எண்ணி, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்கு அழுகையாக வந்தது.

நவம்பர் 3

இப்போது சண்டைபோட்ட அண்ணன் தம்பிகள்கூட என் வழியாகத்தான் பேசுவார்களாம். நல்ல பிழைப்பு.

ஜனவரி 28

சின்ன வகுப்பின் பின்சுவரை இடித்து டெஸ்மண்டே வாசல் வைத்தார். அம்மா அதைத் தடவிப் பார்த்து, "வேல சுத்தம்னு சொல்லு" என்றாள். போய்ச் சொன்னேன். மனிதர் காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிகிறார்.

நெரிடாவை முன்வாசலில் விட்டுவிட்டு அவர் திரும்பி நடந்த பிறகு, பின்வாசல் வழியாக டீச்சர் உள்ளே வந்தாள். என் அம்மா. நம் மொழியில் பேர் கூப்பிட்டாள்.

நெரிடா கை தூக்கினாள்.