ஒரே ஓரத்தில் தேய்ந்த மூன்று பெல்ட்டுகள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உன் அண்ணன் நலம், அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. காரும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று புத்திமதி சொல்லிவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, ஆகவே கடைசிவரை படி.

போன மாதம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அறுபத்தேழு வயசுல உனக்கு எதுக்கும்மா ரெண்டு பேர் உட்கார்ற ரேஸ் காரு, வித்துட்டு நிம்மதியா இரு" என்றாய். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தையல் படித்தவள் நான். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இந்தச் சிவப்பு வண்டி ஒன்றுதான். அதை விற்றுவிட்டு வருவது என்ன நிம்மதியோ, எனக்குத் தெரியவில்லை.

உனக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதற்கு ஆல்டர்னேட்டர் என்று ஒன்று இருக்கிறது. வண்டியோடு வந்த பழைய ஆல்டர்னேட்டர் போன வருடம் வயதாகிப் போய்ச் சேர்ந்தது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாட்டிய மூன்றும் பதினான்கு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. முதலில் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு உறுமல், பிறகு சிவப்பு விளக்கு, அப்புறம் வண்டி நின்றுவிடும். ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் போகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். இழுவை வண்டிக்காரர் மூன்றாவது தடவை வந்தபோது, "மாசக்கணக்குல உங்களைப் பாக்கலைன்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்மா" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் நான் சிரிக்கவில்லை.

மெக்கானிக்கை உனக்குத் தெரியும். இன்ஜின்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாரே, அதனால் எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அந்த டாக்டர் உன் அண்ணனைத் தனியாக அழைத்துப்போய் என்ன சொன்னார் தெரியுமா? வயதானவர்கள் மெதுவாக ஓட்டினால் சார்ஜ் ஏறாதாம், ஆல்டர்னேட்டர் திணறிப்போகுமாம். தனியாகச் சொன்னதாக நினைப்பு, என் காதில் விழுந்துவிட்டது. உன் அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். நான் மெதுவாக ஓட்டுகிறேனாம். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வருவது எதற்கென்று அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை ரயில்வே கேட்டில் நின்றது. தண்டவாளத்தின்மேல் இல்லை, தாண்டி நான்கு அடி. உன் அண்ணன் இறங்கித் தள்ளினான். ஓரமாகச் சேர்த்த ஐந்தாவது நிமிடம் பின்னால் ரயில் போனது. அன்று அவன் பயந்துபோனதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறுநாளே என்னைக் கேட்காமல் வண்டியைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டானே, அதைச் சொல்வேன், செத்தாலும் சொல்வேன். ஒரு பல் டாக்டர் பார்க்க வந்தார். வந்தவர் உட்கார்ந்ததும் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். என் காலுக்குச் சரியாக அதை வைப்பதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது, மகளே. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

கடைசியில் நானே ஒரு வார்த்தை கொடுத்தேன். நாலாவது ஆல்டர்னேட்டர் மாட்டுவது, மலைமேல் இருக்கிற உன் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்புவது, நடுவழியில் நின்றால் சாவியைப் பல் டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பது. அண்ணன் சம்மதித்தான். சம்மதிக்காமல் என்ன, நான் தோற்பேன் என்றுதானே நினைத்தான்.

எனக்கோ மனதில் ஒரே கேள்வி. ஒன்று கெட்டால் சரக்கு மட்டம் என்று சொல்லலாம், மூன்றும் எப்படிக் கெடும்? மெக்கானிக் டாக்டரிடம் போய், ஒவ்வொரு தடவையும் ஆல்டர்னேட்டரோடு சேர்த்துக் கழற்றிப் போட்ட, அதைச் சுழற்றுகிற பழைய பெல்ட்டுகளைக் கேட்டேன். "அதை வச்சு என்னம்மா பண்ணப்போறீங்க, துணிப்பைக்குக் கைப்பிடி தைக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாங்கிவந்து வெட்டும் மேஜைமேல் வரிசையாகப் போட்டேன். மூன்றும் ஒரே ஓரத்தில் பிசிறு தட்டியிருந்தன, மறு ஓரம் புதுசு போல இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மோட்டார் தையல் மெஷினும் முதல் வருடம் இப்படித்தான் பெல்ட்டைத் தின்றது. சக்கரம் இரண்டும் நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட் ஓரத்தில் அறுபடும், கத்தும். கத்துகிறதே என்று இறுக்கினால் சக்கரத்தைத் தாங்குகிற பேரிங் போகும். இதற்குப் படிப்பு வேண்டாம், ஒரு தையல் மெஷின் போதும்.

பட்டன் தைக்கிற நூலை ஒரு முழம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். டாக்டர் நாலாவதை மாட்டி முடித்து, பெல்ட்டை நன்றாக இறுக்கி வைத்திருந்தார். பானெட்டுக்குள் குனிந்து, பெல்ட் ஓடுகிற சக்கரங்களின் முகப்பில் நூலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு சக்கரத்தைத் தொட்டது. ஆல்டர்னேட்டர் சக்கரம் மட்டும் ஒரு கோட்டுப் பொத்தான் கனத்துக்குப் பின்வாங்கி நின்றது. டாக்டர் முதலில் நூலைக் குறை சொன்னார். என் கை நடுங்குகிறது என்றார். சரி நீங்களே பிடியுங்கள் என்று கொடுத்தேன். பிடித்தார். நூலை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

கழற்றிப் பார்த்தால், ஆல்டர்னேட்டரைத் தாங்குகிற போல்ட்டில் ஒரு தடித்த வாஷர். அது பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருந்தது. முதல் தடவை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார். "நான் எப்பவும் எப்படிக் கழட்டினேனோ அப்படியேதாம்மா மாட்டுவேன்" என்று பெருமையாகச் சொல்லுவாரே, அதுதான் வினை. தப்பாக மாட்டியதைத் தப்பாமல் அப்படியே மாட்டியிருக்கிறார், இரண்டாவதும், மூன்றாவதும், நாலாவதும். வாஷரைப் பின்னால் போட்டோம், நூல் மூன்றையும் தொட்டது. பெல்ட்டை விரல் அமுங்குகிற அளவுக்குத் தளர்த்தச் சொன்னேன். கீச்சென்ற சத்தமே இல்லை. டாக்டர் கையைத் துடைத்தபடி, "இருபத்தெட்டு வருஷத் தொழில்மா, இதை வெளியில சொல்லாதீங்க" என்றார். என் மகளைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். மாப்பிள்ளையிடம் நீ சொல்லலாம், அவர் வெளியாள் இல்லை.

போன ஞாயிறு காலையில் கிளம்பினோம். உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இழுவை வண்டிக்காரரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தான். அடிவாரத்தில் மழை பிடித்தது, சாதாரண மழை இல்லை. விளக்கு, வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க விசிறி, எல்லாவற்றையும் போட்டேன். அணைச்சுடும்மா, பேட்டரி இறங்கிடும் என்றான். அணைக்கவில்லை, ரேடியோவையும் போட்டேன். பத்தாவது வளைவில் முன்னால் ஒரு மஞ்சள் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. யார் என்கிறாய், நம் இழுவை வண்டிக்காரரேதான், யாரையோ தூக்கிவரப் போகிறார். கண்ணாடியில் எங்களைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் ஓரம் கட்டிவிட்டார். நான் ஒரு ஹாரன் அடித்துத் தாண்டிப் போனேன். உன் அண்ணன் சிரித்தான் பார், இந்த இரண்டு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம், வழியில் எங்கும் நிற்கவில்லை. வாசலில் வந்து இன்ஜினை அணைத்ததும் அவனாகவே பல் டாக்டருக்குப் போன் போட்டான். "அம்மா விக்கலைன்னு சொல்றாங்க சார்" என்று ஆரம்பித்தவன் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இல்ல சார், எங்க யாருக்குமே விக்க மனசில்ல" என்றான். நான் கேட்காதது போல இறங்கிக் கதவைச் சாத்தினேன். என்னைக் கேட்காமல் படம் போட்டதை இன்னும் மன்னிக்கவில்லை, அது தனிக் கணக்கு.

வேறு செய்தி இல்லை. குளிர் நாட்களில் தலையை ஈரத்தோடு விடாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இருவரும் எடுத்த காரியத்தில் எல்லாம் ஜெயித்து, நீண்ட ஆயுளோடு, ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

ஒன்று மறந்துவிடாதே. லீவுக்கு வருகிற தேதியை முன்னாலேயே எழுது, விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன். பெட்டி ஒன்று மட்டும் கொண்டுவா, சின்னதாக. மாப்பிள்ளை டாக்ஸியில் பின்னால் வரட்டும், முடிந்தால் எங்களைப் பிடிக்கட்டும்.

தோற்காத உன்
அம்மா