அப்பாவின் மணற்புயல்

மெர்ஸூகா, செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு, யூபாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். நான் வேலை செய்யும் பாலைவன முகாமில் சொகுசுக் கூடாரங்கள் எல்லாம் வெளிநாட்டு விருந்தாளிகளால் நிறைந்திருக்கின்றன.

நேற்று விருந்தாளிகள் நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த மோஹா, ஒட்டகத்தைத் தேடிப்போய் மணற்புயலில் இறந்த தகப்பனின் கதையைச் சொன்னான். தன் தகப்பன் என்றே சொன்னான். அவர்கள் அழுதார்கள்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நான், அவர்களுக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சிலேயே, "டேய், அது எங்கப்பாடா" என்றேன்.

"பாத்தீங்களா, பாலைவனத்துல எல்லாருக்கும் ஒரே அப்பாதான்!" என்று மோஹா சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள், இங்கே குளிர். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் தண்ணீர் லாரி கிளம்புகிறது, முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை மோஹா ஊருக்கு வருவான். வயிறாரக் கூஸ்கூஸ் போடுங்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள்.

யூபா