பெயர் போடாத கட்டுரை

கார்த்திகை, செவ்வாய் இரவு.

கணவர் என்னை அடிப்பதைப் பற்றிப் பேட்டி எடுத்த விரிவுரையாளர், யாருக்கும் தெரியவராது என்று சொல்லியிருந்தாள். கட்டுரை ஆய்விதழில் வந்துவிட்டது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். ஆரையம்பதியில் தையல் கற்பிப்பவள், இரட்டைப் பெண்பிள்ளைகளின் தாய், ஒரு காது கேளாதவள் என்று மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. இன்று கணவருடைய தம்பி அதைப் போனில் எடுத்து அவருக்கு உரத்து வாசித்துக் காட்டினான். தம்பி போனதும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

பிறகு அவர் வெளியே போன நேரத்தில் விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன்.

“உங்கட பேர நான் போடல்லியே அக்கா.”

“அதக் கேட்டுப்போட்டு அவர் எனக்கு அடிச்சவர், பிள்ள.”



“அக்கா, இதையும் ஒருக்கா விரிவாச் சொல்லுவீங்களா? அடுத்த கட்டுரைக்கு உதவும்.”

போனை வைத்துவிட்டேன். மறுபடியும் எடுக்கிறாள்.